குத்தாலிங்கத்துக்கு நான் சொல்லாத தேதி

ஒரு மனிதனுடைய வழக்கை நான் சாகவிட்டேன். மறதியால் அல்ல, சோம்பலால் அல்ல. பொறாமையால்.

இந்த மூன்று வாக்கியங்களை எழுத எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிராது, எதிருரை, பிரமாணப் பத்திரம், வாய்தா மனு... எதற்கு எத்தனை பிரதி, எந்தத் தேதிக்குள், எந்த மேசையில் என்று எப்போது கேட்டாலும் சொல்வேன். ஊரார் குற்றங்களையெல்லாம் இலக்கணப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். என்னுடையதை மட்டும் எழுதவில்லை.

காரணம் என்னவோ பெரிதாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நிலத் தகராறு, பழைய பகை, ஏதாவது ஒரு அவமானம்... அப்படி எதுவும் இல்லை. ஒரு பஸ் கண்டக்டரும் அவன் மனைவியும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

அவன் பெயர் குத்தாலிங்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நான் பி.ஏ. சட்டக் கல்லூரிக்குப் போக வழியில்லாமல், சட்டம் படித்தவருக்குக் கேஸ்கட்டுத் தூக்குகிற வேலையில் வந்து விழுந்தவன். அந்தக் கசப்பை மூக்குக் கண்ணாடி மாதிரி எப்போதும் போட்டுக்கொண்டே திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அருவியில் குளிக்க அவனுடைய பஸ்ஸில்தான் போவேன். நான் படியில் கால் வைத்ததும் அவன் குரல் கேட்கும்.

"ஏலே, வழி விடுங்கலே. கோர்ட்டு ஏறுது."

பஸ் சிரிக்கும்.

"அண்ணாச்சிக்கு சன்னல் பக்கம் எடம் குடுங்க. இல்லன்னா நாளைக்கு எல்லாத்துக்கும் சம்மன் வந்துரும்."

மறுபடி சிரிப்பு. நானும் உதட்டை மட்டும் அசைப்பேன். அவன் பேச்சில் மரியாதைக் குறைவு எதுவும் இருக்காது. இருந்திருந்தால் எனக்கு வசதியாகப் போயிருக்கும்.

ஒரு சீசனில், சாரல் விழுந்துகொண்டிருந்த நாளில், அவனை நாய் கடித்தது.

அந்தக் காலத்தில் கண்டக்டர்கள் டிக்கெட்டு மட்டும் கொடுக்கவில்லை. ஒரு ஊரில் தரும் கூடையை, மருந்துப் பொட்டலத்தை, கல்யாணப் பத்திரிகையை அடுத்த ஊரில் சேர்ப்பதும் அவர்கள்தான். குற்றாலத்தில் ஏலக்காய்த் தோட்ட முதலாளி ஒருவருக்குப் பங்களா இருந்தது. சீசனுக்கு மட்டும் வந்து தங்குவார். அவருக்கு வந்த பழக்கூடையைக் கொடுக்க, பஸ்ஸை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுக் குத்தாலிங்கம் கேட்டைத் திறந்திருக்கிறான். சங்கிலியில் கட்டாத சீமை நாய். ஒன்றும் செய்யாது என்று காவல்காரன் சொல்லி முடிப்பதற்குள் வலது கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. சதை தொங்கியது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். உயிர் பிழைத்தான். ஆனால் காயம் சீழ் வைத்து, ஆறி, உள்ளே நரம்பு இழுத்துக்கொண்டது. மூன்று மாதத்துக்குப் பிறகும் வலது குதிகால் தரையில் படவில்லை. ஓடுகிற பஸ்ஸில் நிற்பது எப்படி? பாளையங்கோட்டை டாக்டர், மதராஸில் ஆபரேஷன் செய்தால் குதிகால் இறங்கும், தாமதித்தால் இறங்காது என்று சொல்லியிருந்தார். பஸ் முதலாளியும் நல்லவர்தான். நீ நேராக நடந்து காட்டு, அன்றைக்கே வண்டியில் ஏறு என்று இடத்தைக் காலியாக வைத்திருந்தார்.

ஆக, அவனுக்கு வேண்டியது மதராஸ் போகிற அளவுக்கு நஷ்ட ஈடு. அது கிடைத்தால் காலும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும். இதைக் கேட்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கூடவே மனைவி உலகம்மாள். அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நாயி மேல கேஸு போட முடியுமா?"

"நாயி மேல போட முடியாது. நாய வளக்கவர் மேல போடலாம்," என்றேன்.

"அப்பாடா," என்றாள் உலகம்மாள். "நாயி வக்கீல் வச்சு வாதாடுமோன்னு இவுக ரெண்டு நாளா ஒறங்கல."

"ஏட்டி, ஒனக்கென்ன தெரியும். அது படிச்ச நாயி. என்னயப் பாத்து இங்கிலீசுலதான் கொரைச்சுது."

"அதான் ஒங்களுக்கு வெளங்கல. வெளிய போன்னு சொல்லியிருக்கும்."

அப்போது என் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தம் என்று எனக்கு உடனே புரியவில்லை. என் மனைவி கோமதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது ஆண்டுகள். அவளுக்கு அப்படியொரு சிரிப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்பது ஆண்டுகள்...! அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாள்? யாரிடமிருந்து ஒளித்து வைத்திருந்தாள்? அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பங்களா முதலாளிக்குக் குத்தாலிங்கம் பெயரில் நான் நோட்டீசு எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதில் குறை சொல்ல முடியாது. வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பி வரும் ஏற்பு அட்டையை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். என் வக்கீலிடம் மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் இளகிய மனசுக்காரர், கேட்டால் சும்மாவே நடத்திக் கொடுப்பார் என்பது எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். குத்தாலிங்கம் சட்டைப் பைக்குள்ளிருந்து அந்த ஏற்பு அட்டையை எடுத்தான். மடங்காமல் இருக்க இரண்டு காகித அட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, கேஸ் நம்பர் வந்துட்டு."

தபாலாபீஸ் முத்திரையும் பதிவு எண்ணும் இருந்த அட்டை அது. கையெழுத்து பங்களாக் காவல்காரனுடையது. அதைக் கோர்ட் அனுப்பிய ரசீது என்று இருவரும் நம்பிவிட்டார்கள். முத்திரை விழுந்த காகிதம் எல்லாமே சர்க்கார் காகிதம், சர்க்கார் காகிதம் எல்லாமே கோர்ட்டுக் காகிதம் என்று நம்புகிற மனிதர்கள்.

இது தபால்காரன் கொண்டுவந்த அட்டை, வழக்கு இன்னும் பிறக்கவே இல்லை, அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யவேண்டும், உடம்பில் பட்ட காயத்துக்கு ஓராண்டுதான் கெடு, கடித்த நாளிலிருந்து எண்ணிக்கொள்... இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது.

"பத்திரமா வைங்க," என்றேன்.

பாருங்கள், அதில் பொய்யே இல்லை. பொய் சொல்லாமல் ஒருவனை ஏமாற்றுவது எப்படி என்பதைத்தானே அத்தனை ஆண்டுகள் படித்திருந்தேன்.

பங்களாவிலிருந்து காரியஸ்தர் பதில் எழுதினார். டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார். அனுப்பினோம். நாயின் அடையாளம் வேண்டும் என்றார். எழுதினோம். முதலாளி தோட்டத்துக்குப் போயிருக்கிறார், வந்ததும் கவனிக்கப்படும் என்றார். காலத்தை ஓட்டுவதற்கு எழுதுகிற கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த ரகத்தில் நானே நூறு எழுதியிருக்கிறேன். இந்தக் காரியஸ்தர் கெட்டிக்காரர். நடுவில் ஒரு 'அன்புள்ள' கூடச் சேர்த்திருந்தார்.

"பதில் வருதுன்னா கேஸு நடக்குதுன்னுதான அர்த்தம், அண்ணாச்சி?" என்று கேட்பான் குத்தாலிங்கம்.

நான் கண்ணாடியைத் துடைப்பேன். "எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு," என்பேன்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டில் சிரிப்பு. உலகம்மாள் நேராக அடுக்களைக்குப் போய்விடுவாள். "மதினி, இந்தக் கண்டக்டர வெளிய உக்கார வச்சுட்டு வந்துட்டேன். கொஞ்சம் காதுக்கு ஓய்வு," என்பாள். அங்கிருந்தே அவனுக்குப் பதில் கொடுப்பாள். அவன் இங்கிருந்தே திருப்பிக் கொடுப்பான். நடுவில் நான், கடிதத்தை வைத்துக்கொண்டு, சுவர் மாதிரி. கோமதி ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்குப் பூ வைக்கத் தொடங்கியதைக் கவனித்தேன். யாருக்காகவும் அல்ல. வீட்டுக்குச் சிரிப்பு வருகிறது, அதற்காக.

நான் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தேகத்துக்காவது ஒரு கௌரவம் உண்டு. எனக்கு அது கூட இல்லை. நான் பொறாமைப்பட்டது என்ன தெரியுமா? அவன் உட்காரும்போது கம்பு வழுக்கும். அவள் பேச்சை நிறுத்தாமல், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் பாதத்தைக் கம்பின் அடியில் தடையாக வைப்பாள். அவனும் நன்றி சொல்லமாட்டான். சொல்ல அவசியமில்லை. அந்தப் பாதத்தைப் பார்த்துத்தான் நான் எரிந்தேன். கால் போனவன் அவன். ஆனால் என் வீட்டில் நான் விழுந்தால் தாங்க ஒரு பாதமும் நீண்டிருக்காது.

"அவுக கேஸ எப்ப கோர்ட்டுல கூப்புடுவாங்க?" என்று கோமதி ஒருநாள் கேட்டாள்.

"ஒனக்கெதுக்கு? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

"முறை ஒங்களுக்குத் தெரியும்," என்றாள். "அவுகளுக்குக் கால் வலிதான தெரியும்."

அந்த வார்த்தை என்னைக் கொஞ்சம் அசைத்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. கோடை விடுமுறையில் கெடு முடிந்தால் கோர்ட் திறக்கும் நாள்வரை சட்டமே அவகாசம் கொடுக்கும். நாள்காட்டியைப் பார்த்தேன். அந்தச் சலுகைக்கு இடமில்லை, கோர்ட் நடக்கிற நாளில்தான் கெடு விழுந்தது. ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து, கோர்ட்டில் கொடுக்கவேண்டிய பிராதை எழுதினேன். கட்டணம் கட்ட வழியில்லாதவர் என்று கேட்கும் ஏழை மனுவையும் சேர்த்து எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் நான் எழுதிய சிறந்த பிராது அது. மறுநாள் சாயங்காலம் அதைப் பையில் வைத்துக்கொண்டு மேலகரத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நடந்தே போனேன். கையெழுத்து வாங்கினால் போதும். காலையில் தாக்கல் செய்துவிடலாம்.

வீட்டை நெருங்கும்போதே குரல் கேட்டது. சன்னல் திறந்திருந்தது. அவன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அவள் கீழே உட்கார்ந்து கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி விசில் அடித்தான்.

"காசிமேஜர்புரம் எறங்கு. ஏம்மா, ஒன் டிக்கெட்டு எங்க?"

"கண்டக்டர் பொண்டாட்டிக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"அப்படிச் சொல்லிக்கிட்டு தெனம் நாலு பேரு ஏறுதாளுக. எதுவானாலும் ரூல்ஸ் பிரகாரம்தான்."

"ஆமா, அண்ணாச்சி கணக்கா பேசுங்க."

அவன் உடனே முதுகை நிமிர்த்தினான். இல்லாத கண்ணாடியைக் கழற்றினான், வேட்டி நுனியில் துடைத்தான், மூக்கைச் சுருக்கினான். "எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு, உலகு," என்றான், அப்படியே என் குரலில். அவள் சிரித்துச் சிரித்து அவன் முழங்காலில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் கேட்காத கேலியா? ஆனால் சிரிப்பு அடங்கியதும் உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பாவம் அண்ணாச்சி. நமக்காக எம்புட்டு எழுதுதாக. அந்த வீட்டுலதான் ஒரு பேச்சு சத்தம் கெடையாது. மதினி மொகத்தப் பாத்தாலே தெரியுது. நாம போனாத்தான் ரெண்டு பேருக்கும் பொழுது போவுது."

"ஆமா, பாவம்," என்றான் அவன்.

பாவம்...! நொண்டிக்கால்காரன் என்னைப் பார்த்துச் சொல்கிறான். வேலைக்குப் போகமுடியாத கண்டக்டர், பி.ஏ. படித்தவனைப் பார்த்துச் சொல்கிறான். நான் ஏன் அப்படி எரிந்தேன் என்றால், அவர்கள் சொன்னது உண்மை. நான் பொறாமைப்பட்ட பொருள் தங்களிடம் இருப்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. எனக்கு இல்லை என்பதும் தெரிந்திருந்தது. அதில் கொஞ்சம் எனக்கும் இருக்கட்டுமே என்று வாரா வாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள்!

நான் கதவைத் தட்டவில்லை. பிராதோடு திரும்பி நடந்தேன்.

அதன்பிறகும் அவர்கள் இரண்டு முறை வந்தார்கள். கெடுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கெடுவின் கடைசி நாள் வேறொரு வழக்குக்காகக் கோர்ட்டில்தான் இருந்தேன். தாக்கல் வாங்குகிற மேசைக்குப் பத்தடி தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆள் அனுப்பி அவனை வரவழைத்துக் கையெழுத்து வாங்க அன்றைக்கும் நேரம் இருந்தது. மூன்று மணி, நான்கு மணி... யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மேசைக்காரர் பதிவேட்டை மூடினார், பேனாவை மூடினார், எழுந்து சோம்பல் முறித்தார். "என்ன அண்ணாச்சி, இன்னும் ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

அடுத்த வாரம் பங்களாவிலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. இந்த முறை அன்பெல்லாம் இல்லை. கோரிக்கைக்குச் சட்டப்படி காலம் கடந்துவிட்டது, இனிக் கடிதம் எழுதவேண்டாம் என்று இரண்டே வரி.

"காலம் கடந்துட்டுன்னு போட்டிருக்காக. என்ன அண்ணாச்சி அர்த்தம்? நமக்குத்தான் நம்பர் வந்துட்டுல்லா?" குத்தாலிங்கம் அந்தப் பழைய அட்டையையும் கொண்டுவந்திருந்தான்.

அப்போதுதான் நான் இந்த விவகாரத்தில் ஒரே ஒரு பொய்யைச் சொன்னேன். "பெரிய எடம். மேல ஆளப் பிடிச்சு முடிச்சிட்டாக. நம்மால ஒண்ணும் செய்ய முடியாது."

அவர்கள் நம்பினார்கள். நம்பாமல் என்ன? முதலாளிகள் அப்படிச் செய்வார்கள் என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அண்ணாச்சி இப்படிச் செய்வார் என்று நம்புவதுதான் கஷ்டம்.

"விடு உலகு," என்றான் குத்தாலிங்கம். "நாயி ஜெயிச்சுட்டு."

உலகம்மாள் சிரிக்கவில்லை. அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களையிலும் சத்தமில்லை. முதன்முறையாக என் வீட்டில் நாங்கள் நால்வரும் ஒன்றுபோல ஊமையாக இருந்தோம்.

அந்த மௌனம் எனக்கு இனித்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதாக உட்கார்ந்திருக்கிறேன், இதை விட்டுவிட்டால் மற்றதற்கு அர்த்தமில்லை. இனித்தது. ஒரு நிமிடம் இருக்கலாம், அதற்குக் குறைவாகவும் இருக்கலாம். பிறகு அவன் எழுந்தான், கம்பு வழுக்கியது, அவள் பாதம் நீண்டது, அந்த இனிப்பும் போய்விட்டது.

மதராஸ் ஆபரேஷன் நடக்கவில்லை. குதிகால் இறங்கவில்லை. பஸ் முதலாளி இன்னும் சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கண்டக்டரைப் போட்டார். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு பலகையைப் போட்டு, எண்ணெய், சீயக்காய்த் தூள், சோப்பு, துண்டு என்று விற்க உட்கார்ந்தார்கள் இருவரும். இன்றும் அங்கேதான்.

இதைக் கேளுங்கள். அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் யாரை நாய் கடித்தாலும் குத்தாலிங்கம் என்னிடம் அனுப்பினான். "மொத ஆஸ்பத்திரி, ரெண்டாவது அண்ணாச்சி. நம்ம கேஸுல அவுக எழுதுன மாதிரி ஒருத்தரும் எழுத மாட்டாக," என்பானாம். வருகிறவர்களிடம் நான் முதலில் தேதியைச் சொல்வேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுப்பேன். பிராயச்சித்தம் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எவ்வளவு சுலபமான காரியத்தை நான் அவனுக்குச் செய்யவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பிராதை நான் கிழிக்கவில்லை. நன்றாக எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, என் கர்வம் அப்படி! பெட்டியின் அடியில் போட்டிருந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் கோர்ட்டிலிருந்து வந்தபோது அது என் மேசைமேல் இருந்தது. கெடுவுக்கு முன்பே எழுதிய அந்தத் தேதி தெரிகிற மாதிரி கடைசிப் பக்கம் மேலே. கோமதிக்கு வாசிக்கத் தெரியும். கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது, பத்தி பிரித்து, வரிசையாக. அவள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஆனால் அந்த வாரத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தனியாகப் பஸ் ஏறிக் குற்றாலம் போகிறாள். வடகம், ஊறுகாய் என்று ஏதாவது எடுத்துக்கொண்டு போவாள். அவர்களிடம் சொல்லிவிட்டாளா? எனக்குத் தெரியவில்லை. குத்தாலிங்கத்தைத் தென்காசியில் எங்காவது எதிரே பார்த்தால் அதே "அண்ணாச்சி"தான். அந்தக் குரலில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகச் சோதிக்கிறேன். அத்தனை சாட்சிகளின் குறுக்கு விசாரணையைக் கேட்டிருக்கிறேன், இந்த ஒரு மனிதனைப் படிக்க முடியவில்லை.

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து குற்றாலம் கிளம்பினேன். மூவரையும் ஒன்றாக வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சாலையின் இந்தப் பக்கம் குடையோடு நின்றேன். அந்தப் பக்கம் கடையின் சாக்குப் படுதாவுக்குக் கீழே மூவரும் இருந்தார்கள். உலகம்மாள் ஒரு தம்ளர் டீயை ஊதி ஆற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னவோ சொன்னான். அவள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதி, நரைத்த தலையோடு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

என்ன சொன்னான்? இந்தப் பக்கம் கேட்கவில்லை.

எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். அவன் காலைப் பார்த்து நெஞ்சு உடைந்திருக்கவேண்டும். வந்திருக்கலாம், பிறகு. ஆனால் முதலில் வந்தது எது என்று எனக்குத் தெரியும். அந்தப் படுதாவுக்குக் கீழே மழை படாத அந்த மூன்று பேரையும் பார்த்து, இத்தனைக்குப் பிறகும், நான் பொறாமைப்பட்டேன்.

தென்காசி போகிற பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.